பொன்னாடை போர்த்தி நிறுத்திய பேச்சு

எங்கள் ஆட்களுக்கு மேடையில் ஒருவருடைய பேச்சை நிறுத்த வேண்டுமென்றால் பொன்னாடை போர்த்துவார்கள். "போதும், இறங்குங்கள்" என்று சொல்வது மரியாதைக் குறைவு. துண்டுக் காகிதம் அனுப்பினால் பேசுகிறவர் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார். பளபளக்கும் சால்வையோடு இரண்டு பேர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, சபையும் கைதட்டத் தொடங்கிவிட்டால், எப்பேர்ப்பட்ட பேச்சாளரும் தோளைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். ஆக்லாந்துக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ அறுவைப் பேச்சுகள் இப்படி முடிந்ததைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் எங்கள் சங்கத்து விழாவில், தொண்ணூறை நெருங்கும் ஒரு யூத அம்மாவின் வாயை அதே சால்வையால் மூடினார்களே, அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவிடுவதாகவும் இல்லை.

அந்த அம்மா என் பக்கத்து வீட்டுக்காரர். நாங்கள் எப்சமில் இருப்பது வசதி வந்துவிட்டதால் அல்ல, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக. கணவருக்கு ஈஸ்ட் டாமாக்கியில் கிடங்கு வேலை, எனக்கு மங்கரேயில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை. இரண்டு பேரும் வாங்குகிற சம்பளத்தில் பெரும்பகுதி வாடகைக்கே போய்விடும். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் கார் போகும் வழி ஒன்றுதான். குடிவந்த மறுநாள் காலையில் அவர் ஊன்றுகோலோடு வந்து கதவைத் தட்டி, "உங்கள் கார் என் வழியை மறிக்கிறது" என்றார். வணக்கம் இல்லை, வரவேற்பு இல்லை. நானும் சளைத்தவள் இல்லை. "உங்களிடம் கார் இல்லையே" என்றேன். "ஆம்புலன்சுக்கு வழி வேண்டும்" என்றார். இப்படித்தான் எங்கள் சிநேகம் தொடங்கியது.

பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான். எனக்கு வாய் வரவில்லை, "அன்ரி" என்றேன். அவருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கொஞ்ச நாள் முகத்தைச் சுளித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். நான் போடும் தேநீரில் சீனி கூட என்பார். மகள் படிக்கட்டில் தடதடவென்று இறங்குகிறாள் என்பார். ஆனால் எனக்கு இரவு வேலை வரும் நாட்களில் எங்கள் குப்பைத் தொட்டியையும் தள்ளாடித் தள்ளாடித் தெருவுக்குக் கொண்டுபோய் வைத்தது அவர்தான். நன்றி சொன்னால் அதற்கும் சிடுசிடுப்பார்.

ஒருநாள் ஒரு பார்சலைக் கொடுக்க அவர் சமையலறைக்குப் போனேன். பாத்திரம் கழுவும் தொட்டிக்குள்ளே ஒரு கண்ணாடிக் குவளையில் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. விளக்கு என்றால் எனக்குப் பூ வேண்டும். பக்கத்தில் ஒன்றுமே இல்லாமல், அதுவும் கழுவும் தொட்டிக்குள், ஒரு விளக்கு அநாதையாக எரிவது மனதுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அவர் உள்ளே மூக்குக்கண்ணாடி தேடிக்கொண்டிருந்த நேரத்தில் வேலியில் பூத்திருந்த கமேலியாவைப் பறித்து வந்து குவளைக்குப் பக்கத்தில் வைத்தேன். திரும்பி வந்தவர் பூவைப் பார்த்தார்.

"இதை எடுத்துவிடுங்கள். நாங்கள் செத்தவர்களுக்குப் பூ வைப்பதில்லை" என்றார்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். அது அவருடைய சித்திக்கான திரி. சித்திக்கும், சித்தப்பாவுக்கும், அவர்களின் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே திரி. இறந்த நாளில் ஏற்றி ஒரு முழுநாளும் எரியவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தீப்பிடிக்கக்கூடாது என்பதற்காகத் தொட்டிக்குள் வைப்பார்களாம்.

"இன்றைக்கா அவர்கள் இறந்தார்கள்?" என்று கேட்டேன்.

"அது யாருக்கும் தெரியாது. இது இந்த நாடு அவர்களை வேண்டாம் என்று கடைசியாகச் சொன்ன நாள். அம்மா இந்த நாளைத்தான் எடுத்துக்கொண்டார். அம்மா போன பிறகு நானும் இந்த நாளில்தான் ஏற்றுகிறேன்."

அன்று எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் எழும்பவில்லை. எங்கள் பெரியம்மாவின் மகன் எங்கள் ஊரில் நடந்த போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். அவனுக்குப் பெரியம்மா திவசம் செய்ய மாட்டார். செய்தால் அவன் செத்துவிட்டான் என்று தானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்பார். நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில் செய்யலாம் என்று ஐயர் சொல்லிப் பார்த்துவிட்டார், கேட்கவில்லை. ஆனால் மறுப்பு வந்த நாளையே திதியாக்கிவிட்ட ஒரு தாயை நான் கேள்விப்பட்டதே இல்லை. அந்தத் தாயின் கோபத்தை நினைத்தபோது எனக்கு அவர்மேல் ஒரு மதிப்பு வந்தது.

மீதிக் கதையை அன்றும் பிறகு வந்த நாட்களிலும் துண்டு துண்டாகச் சொன்னார். அவர்கள் வியன்னாக்காரர்கள். உலகப் போர் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் அப்பா, அம்மா, நாலு வயதுப் பிள்ளையான இவர், மூன்று பேரும் இங்கே கப்பலில் வந்து இறங்கினார்கள். அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழில் தெரியும். இங்கே ஒரு தொழிற்சாலைக்கு அப்படி ஒருவர் தேவைப்பட்டார். அதனால் அனுமதி கிடைத்தது. சித்தப்பா வழக்கறிஞர். வழக்கறிஞர் இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. உயிர் தப்ப ஓடிவருகிறவனிடம் உனக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள் பாருங்கள். அப்பா இங்கே வந்த பிறகு, அவர்களுக்கு நான் பொறுப்பு, சோறும் இடமும் நான் கொடுக்கிறேன் என்று எழுதிக் கேட்டார். மறுத்தார்கள். மறுபடி கேட்டார். மறுபடியும் மறுத்தார்கள். காரணம் கூடச் சொல்லவில்லையாம்.

புறப்பட்ட அன்று சித்தியின் மகள், இவர் வயதுக்காரி, தானும் கப்பலில் வருவேன் என்று மேசைக்குக் கீழே போய் உட்கார்ந்து அடம்பிடித்திருக்கிறாள். வழியனுப்ப வெளியே வரவே இல்லை. இவருக்கு ஞாபகம் இருப்பது மேசை விரிப்புக்குக் கீழே தெரிந்த அவளுடைய முழங்கால்கள் மட்டும்தான். முகம் ஞாபகமில்லை. போர் முடிந்த பிறகுதான் இவர்களுக்குத் தகவல் கிடைத்தது. சித்தி குடும்பத்தை வியன்னாவிலிருந்து ரயிலில் ஏற்றி மின்ஸ்க் நகருக்குப் பக்கத்தில் ஒரு காட்டில் இறக்கியிருக்கிறார்கள். இறக்கியவர்களைக் குழி ஓரத்தில் நிறுத்திச் சுட்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அப்போது பள்ளிக்கூட வயது.

உயிர் தப்பி வந்தவர்களை இங்கே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள் என்று யாராவது நினைத்தால் அதுவும் இல்லை. ஹிட்லருக்குப் பயந்து ஓடிவந்தவர்களையே போர்க்காலத்தில் எதிரி நாட்டவர் என்று பதிந்தார்கள். போலீஸ் வந்து அப்பாவின் ரேடியோவை எடுத்துக்கொண்டு போனது. டிராமில் ஜெர்மன் மொழியில் வாயைத் திறக்கக்கூடாது என்று அம்மா இவர் தொடையைக் கிள்ளுவாராம். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கொழும்பில் பஸ்ஸில் ஏறுமுன் என் அம்மா எனக்கும் பொட்டை அழித்துவிட்டு, "உள்ளுக்க தமிழ் கதைக்கப்படாது" என்று கிள்ளியிருக்கிறார்.

இப்படியிருக்கும்போதுதான் எங்கள் சங்கம் அந்த வருட விழாவைப் 'புகலிடம்' என்ற தலைப்பில் வைத்தது. நானும் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். வேற்று இனத்தவர் ஒருவரும் பேசட்டும் என்று முடிவானபோது நான் இவரைச் சொன்னேன். எல்லாரும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். இவரிடம் கேட்டபோது, வெளியே எங்கேயும் இதைப் பேசியதில்லை என்றார். பலமுறை கூப்பிட்டிருக்கிறார்களாம். அங்கெல்லாம் நன்றி சொல்லத்தான் கூப்பிடுவார்கள் என்று போகவில்லையாம். "உங்கள் ஆட்களுக்குப் புரியும்" என்று சொல்லிச் சம்மதித்தார். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் பேச்சைத் தட்டச்சு செய்து ஒரு பிரதியைச் செயலாளருக்கு அனுப்பினேன். அறிமுகத்தைத் தமிழில் எழுத வசதியாக இருக்கட்டும் என்றுதான் அனுப்பினேன். விழாவுக்கு முந்தின வாரம் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது இளையவர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஓடியாடி வேலை செய்கிறவர்.

"அக்கா, பேச்சு நல்லாயிருக்கு. அந்த ஒரு வசனத்தை மட்டும் விடச் சொல்லுங்கோ."

"எந்த வசனம்?"

"சித்தியாக்களை இந்த நாடு எடுக்கேல்லை எண்டு வருகுதே, அது. எம்.பி. மேடையில இருப்பார். அவருக்கு முன்னால சொன்னா நல்லாயிராது."

"உண்மைதானே தம்பி?"

"உண்மைதான். ஆனா எங்கட ஆக்களின்ட கேஸ் எவ்வளவு இருக்கு? என்ர தம்பியின்ட விசயத்தைப் பாக்கிறன் எண்டு அவர் சொல்லியிருக்கிறார். உங்களுக்குத் தெரியும்தானே."

தெரியும். அவருடைய தம்பி படகில் போய் இந்தோனேசியாவில் அகப்பட்டுக்கொண்டவன். வேலை செய்யவும் அனுமதியில்லாமல், ஐ.நா. கொடுத்த ஓர் அகதி அட்டையோடு, இளமை முழுவதையும் அங்கே ஓர் அறையில் கழித்துக்கொண்டிருக்கிறான். அவனைப் பற்றிக் கேட்டால் இவருக்குக் குரல் மாறிவிடும். அதனால் நான் அன்று கத்தவில்லை. "நான் அவவிட்டைச் சொல்லிப் பாக்கிறன், ஆனா வற்புறுத்த மாட்டன்" என்று மட்டும் சொன்னேன்.

சொன்னேன். அவர் பேச்சுத் தாளை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்த வசனத்துக்காகத்தான் நான் வருகிறேன். கப்பலில் வந்த கதையை யார் வேண்டுமானாலும் சொல்லலாம்" என்றார். செயலாளரிடம் அதை அப்படியே சொன்னேன். "சரி அக்கா, பரவாயில்லை" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

விழா ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. குத்துவிளக்கு, நாதஸ்வர இசைத்தட்டு, முன்வரிசையில் தலைவர்கள், பின்வரிசையில் கைபேசியும் கையுமாகப் பிள்ளைகள். பக்கத்து அறையில் பொரித்த றோல்ஸ் வாசம் அப்போதே வரத் தொடங்கிவிட்டது. அறிவிப்பாளர் தமிழ்நாட்டுக்காரர், நல்ல குரல். "கண்ணீரில் கரைந்த காலத்தின் சாட்சியாக" என்றெல்லாம் சொல்லி அன்ரியை மேடைக்கு அழைத்தார். அன்ரி நீல உடுப்பு உடுத்தி, தலையைப் படிய வாரி, ஊன்றுகோலை மேசையில் சாய்த்துவிட்டு நின்றார். பேசத் தொடங்கியதும் சபை அமைதியானது. கப்பலைச் சொன்னார். தோல் தொழிற்சாலை நாற்றத்தைச் சொன்னார். டிராமில் அம்மாவிடம் வாங்கிய கிள்ளலைச் சொன்னபோது எங்கள் பெண்கள் பகுதியில் நாலைந்து பேர் தலையாட்டியதைப் பார்த்தேன். அவர் சரியாகத்தான் சொன்னார், எங்கள் ஆட்களுக்குப் புரிந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு தாளைத் திருப்பிவிட்டு, "என் அம்மாவின் தங்கை இந்த நாட்டிடம்" என்று ஆரம்பித்தார். உடனே மேடையின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். செயலாளரின் கையில் சால்வை. பேச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு அந்த இடம் வரும்வரை காத்திருந்திருக்கிறார் மனிதர்! அறிவிப்பாளர் இன்னொரு ஒலிவாங்கியில், "அம்மையாருக்கு நமது சங்கத்தின் சார்பில் பொன்னாடை போர்த்தி கௌரவிக்கிறோம், பலத்த கரவொலி!" என்றார். சபை கைதட்டியது. பேச்சு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அன்ரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோளில் விழுந்த சால்வையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எனக்குக் குளிரவில்லை" என்றார் ஒலிவாங்கியில். சபை சிரித்தது. அன்பாகத்தான் சிரித்தார்கள், எனக்கோ உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர் இன்னும் பேச வேண்டும் என்று கையை உயர்த்தினார். அதற்குள் அடுத்த நடனத்துக்கு ஜதி ஒலிக்கத் தொடங்கிவிட்டது. சலங்கை கட்டிய பிள்ளைகள் வரிசையாக மேடையேற, அவரை மரியாதையாகக் கைத்தாங்கலாக இறக்கி முன்வரிசையில் இருத்தினார்கள்.

அடுத்து எம்.பி. பேசினார். அன்ரியைக் கையால் காட்டி, இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு இந்த நாடு எப்போதும் கதவைத் திறந்தே வைத்திருந்தது என்று பெருமைப்பட்டார். அந்த மனிதருக்கு உண்மை தெரியாமல் இருக்கலாம். தெரியவிடாமல் செய்தது நாங்கள். நாடு நாடாக நீதி கேட்டு ஊர்வலம் போகிறோம், எங்கள் கதையை உலகம் மூடி மறைக்கிறது என்று தொண்டை கிழியக் கத்துகிறோம். அதே நாங்கள், ஒரு கிழவி எண்பது வருடத்துக்கு மேலாக நெஞ்சில் வைத்திருந்த ஒற்றை வசனத்தைச் சரிகைத் துணியால் பொத்திவிட்டுக் கைதட்டினோம். அன்ரி மடியில் கைகளை வைத்துக்கொண்டு எம்.பி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்ததும் எம்.பி.க்கும் பொன்னாடை. வேறொரு விழாவுக்குப் போக வேண்டும் என்று அவர் சாப்பாட்டுப் பொதியோடு புறப்பட, செயலாளர் பின்னாலேயே கார் நிற்கும் இடத்துக்கு ஓடினார்.

நிகழ்ச்சியில் கடைசி உருப்படி நன்றியுரை. அது வழக்கம் போல என் தலையில்தான். நன்றியுரை சொல்கிறவளுக்கு யாரும் பொன்னாடை போர்த்துவதில்லை, இசையும் போடுவதில்லை, ஏனென்றால் யாரும் கேட்பதே இல்லை. பாதிச் சபை சாப்பாட்டு வரிசைக்குப் போயிருந்தது. நான் எழுதி வைத்திருந்த தாளை எடுக்கவில்லை. முதலில் அன்ரிக்காக ஆங்கிலத்திலும், பிறகு எங்கள் ஆட்களுக்காகத் தமிழிலும் சொன்னேன். "இந்த அம்மாவின் பேச்சு முடியவில்லை, நாங்கள் முடித்துவிட்டோம். அவருடைய சித்தியும் சித்தப்பாவும் இரண்டு பிள்ளைகளும் உயிர்ப்பிச்சை கேட்டபோது இந்த நாடு மறுத்தது. கேட்கக் கேட்க மறுத்தது. அவர்களைக் காட்டில் வைத்துச் சுட்டார்கள். அதைச் சொல்லத்தான் அவர் வந்தார்." நன்றி என்ற சொல்லை வேண்டுமென்றே சொல்லவில்லை. வரிசையில் நின்ற சிலர் கையில் தட்டோடு திரும்பிப் பார்த்தார்கள். இருந்தவர்களில் ஒரு பெண் எழுந்து நின்றாள். பிறகு இன்னும் சிலர் எழுந்தார்கள். பின்னால் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டே இருந்தார்கள்.

மேடையிலிருந்து இறங்கியபோது செயலாளருக்குக் கொடுக்க வேண்டிய ஏச்செல்லாம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவர் வாசல் பக்கமாக அவசரமாக வந்தார். மூச்சு வாங்கியது.

"அக்கா, எம்.பி. வெளிக்கிட்ட பிறகுதானே நீங்கள் அதைச் சொன்னது? அவருக்கு ஒருத்தரும் போய்ச் சொல்ல மாட்டினம்தானே?"

முகத்தில் அப்படியொரு பயம். நான் தயாராக வைத்திருந்த ஏச்சு ஒன்றும் வெளியே வரவில்லை. "தம்பியின்ட விசயம் கதைச்சனீங்களோ?" என்று கேட்டேன்.

"கார்க் கதவடியில கதைச்சனான். ஈமெயில் ஒண்டு போடட்டாம்."

"முந்தியும் போட்டனீங்கள்தானே?"

"ஓம். திரும்பப் போடட்டாம்."

வீட்டுக்குப் போகும் வழியில் காரில் அன்ரி சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, வாசலில் அந்த இளைஞர் என்ன சொன்னார் என்று கேட்டார். தம்பியின் கதையையும், செயலாளரின் பயத்தையும், இரண்டாவது தடவை கேட்ட ஈமெயிலையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சால்வைக்காகச் செயலாளர்மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரிடம் சொல்லுங்கள், என் அப்பாவும் இப்படித்தான் பயந்தார் என்று. நேரில் போய்ச் சத்தம் போடுங்கள் என்று அம்மா அழுதார். அதிகாரிகளுக்குக் கோபம் வந்தால் காரியம் கெட்டுவிடும் என்று அப்பா எப்போதும் பணிவாகவே எழுதினார். பணிவாக இருந்து ஒன்றும் கிடைக்கவில்லை. அதையும் சொல்லுங்கள்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துச் சாவியை வாங்கிப்போகச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பக்கத்து வீட்டுப் பக்கம் பார்க்கவே சங்கடப்பட்டார்.

"அந்த அம்மா என்னோட கோபமோ அக்கா?"

"கோபமில்லை. தன்ர அப்பாவும் உங்களை மாதிரித்தான் பயந்தவராம் எண்டு உங்களிட்டைச் சொல்லச் சொன்னவா."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. இரண்டு நாளாகச் சாப்பிடாதவர் போல இருந்தார். தம்பிக்காக எம்.பி.க்குத் திரும்ப ஈமெயில் போட்டுவிட்டதாகவும், இன்னும் பதில் வரவில்லை, ஆனால் வரும் என்றும் சொன்னார். பிறகு சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டே கேட்டார்.

"வேற என்ன சொன்னவா?"

"அவ்வளவுதான்" என்றேன்.